கசால்ஸ் தட்டுகளில் பாக்கின் செல்லோ இசை

புதிய ஒலிப்பதிவுகள் நாள்தோறும் வந்து குவியும் இக்காலத்திலும், எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சில இசைத்தட்டுகளை, அவற்றின் கரகர ஓசையோடு சேர்த்தே, இசையன்பர்கள் விரும்பிக் கேட்டு வருகின்றனர். மேலைச் செவ்வியல் இசையில் ஈடுபாடுடைய ஒருவரிடம், "இப்போது எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று வினவினால், கிடைக்கும் விடைகளில் பாப்லோ கசால்ஸ் 1936 முதல் 1939 வரை பதிவு செய்த பாக்கின் செல்லோத் தொகுப்புகள் அடிக்கடி இடம்பெறும். நான் பொருளியல் பயிலும் மாணவன். மேலை இசையின் குறியீடுகளைப் படிக்க அறியேன். செவியை மட்டும் துணைக்கொண்டு ஓராண்டாக இவற்றைக் கேட்டு வருகிறேன். இப்பழந்தட்டுகளில் அப்படி என்னதான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட பொருள்.

செல்லோ என்பது வயலின் குடும்பத்துக் கருவி. நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வைத்து, வில்லால் வாசிப்பர். நான்கு கம்பிகள்; குரலோ ஆண் குரலுக்கு மிக அண்மையில் இருப்பது. ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக், 1720-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், இக்கருவி ஒன்றுக்காக மட்டும் ஆறு தொகுப்புகளை இயற்றினார். இவற்றை 'ஸ்வீட்' என்பர். (மிட்டாய்க் கடைக்கும் இதற்கும் தொடர்பில்லை!) ஒவ்வொரு தொகுப்பிலும் ஆறு பகுதிகள். முதலில் ஒரு முன்னிசை. பின்னர் அலமாந்த், கூராந்த், சரபாந்த், ஜீக் முதலிய அக்கால நடனங்களின் நடையில் அமைந்த பகுதிகள். இந்த இசைக்கு எவரும் ஆடுவதில்லை. நடனத்தின் நடை மட்டும் எஞ்சி நிற்கிறது.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. நம் கச்சேரியில் தம்புரா இடைவிடாமல் ஆதார சுருதியை ஒலித்துக்கொண்டிருக்கும். மிருதங்கம் தாளத்தைக் காக்கும். இங்கே தம்புராவும் இல்லை, பக்கவாத்தியமும் இல்லை. தனியே ஒருவர், ஒரு வில். ஆயினும் கேட்பவருக்கு இருவர் மூவர் வாசிப்பது போன்ற உணர்வு எழுகிறது. எங்ஙனம்? பாக் கீழ்ச்சுரம் ஒன்றைத் தொட்டுவிட்டு மேலே சென்றுவிடுகிறார். அச்சுரம் ஒலிப்பது நின்றுவிட்டது. ஆனால் நம் காது அதை விட்டுவிடுவதில்லை. மேலே ஓடும் இசையை அந்த ஒலிக்காத சுரத்தோடு ஒட்டியே கேட்கிறது. முதல் தொகுப்பின் முன்னிசையில் இதனைத் தெளிவாக உணரலாம். தொடக்கத்தில் ஒரே கீழ்ச்சுரம் திரும்பத் திரும்ப வந்து தரை அமைத்துக் கொடுக்கிறது. மற்றவை அதன்மேல் அலையலையாக எழுகின்றன. தம்புராவைக் கேட்பவரின் மனத்துக்குள்ளேயே மீட்ட வைத்தார் பாக் என்று நான் இதனைச் சொல்லிக்கொள்வேன். இசை வல்லுநர் வேறு விதமாகச் சொல்லலாம்.

இத்துணைச் சிறப்புடைய இசை நெடுங்காலம் அரங்கேறவில்லை. 1820-களில் பாரிசில் முதன்முதலாக அச்சேறியபோதே 'பயிற்சிகள்' என்ற சொல்லும் தலைப்பில் ஏறிவிட்டது. ஆசிரியர்கள் மாணவரின் விரல் பழக இவற்றைக் கொடுத்தனர். மேடையில் எப்போதேனும் ஓரிரு பகுதிகளைத் தனியே வாசித்ததோடு சரி. 1890-இல் பார்சலோனா நகரின் பழைய கடை ஒன்றில், தந்தையோடு சென்ற பதின்மூன்று வயதுச் சிறுவன் இந்நூலைக் கண்டெடுத்தான். அச்சிறுவனே கசால்ஸ். பன்னிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் பழகிய பின்னரே ஒரு தொகுப்பை முழுமையாக மேடையில் வாசிக்கத் துணிந்ததாக அவரே கூறியிருக்கிறார். ஒரு பகுதியையும் விடாமல், திரும்ப வாசிக்க வேண்டியவற்றைத் திரும்ப வாசித்து, முழுத் தொகுப்பையும் ஒரே இசையாக அளிப்பது அவர் கொண்ட நெறி. ஆறையும் முழுமையாகத் தட்டில் பதித்தவரும் அவரே. பதிவைத் தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது.

அந்நாளைய ஒலிப்பதிவு முறையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டு; பன்னிரண்டு அங்குலத் தட்டேயாயினும் ஒரு பக்கத்தில் நாலரை நிமிட அளவே கொள்ளும். நம் நாட்டுச் சங்கீத வித்துவான்களும் அக்காலத்தில் இதே நெருக்கடியில்தான் பாடினர். விரிந்த ஆலாபனை தட்டுக்குள் குறுகி வந்தது. மேலும் அது மெழுகில் நேரே கீறிப் பதிக்கும் முறை. ஒரு சுரம் பிசகினால் அதை மட்டும் வெட்டி ஒட்ட இயலாது. முழுப் பக்கத்தையும் மீண்டும் வாசிக்க வேண்டும். வெட்டி ஒட்டும் வசதி காந்த நாடா வந்த பிறகு ஏற்பட்டது. ஆகவே கசால்ஸ் தட்டின் ஒரு பக்கத்தில் நாம் கேட்பது தொடர்ந்து, ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டது. வில் உராய்வதும் விரல் கம்பியின் மீது விழுவதும் கேட்கின்றன. அவற்றையும் சேர்த்து அது ஒரு மனிதரின் வாசிப்பு.

பதிவு நடந்த ஆண்டுகளையும் நோக்க வேண்டும். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் 1936 ஜூலையில் மூண்டது. அவ்வாண்டு நவம்பரில் இலண்டனில் இரண்டாம், மூன்றாம் தொகுப்புகள் பதிவாயின. 1938-இல் பாரிசில் முதலும் ஆறும். 1939 ஜனவரியில் பார்சலோனா பிராங்கோவின் படையிடம் வீழ்ந்தது. ஏப்ரல் முதல் நாளில் போர் முடிந்தது. ஜூன் மாதத்தில், நாடிழந்தவராகப் பாரிசில் நான்காம், ஐந்தாம் தொகுப்புகளை வாசித்தார் கசால்ஸ். பின்னர் எல்லையருகே பிரெஞ்சு நாட்டுச் சிற்றூரான பிராதில் தங்கி, முகாம்களில் அடைபட்ட தம் நாட்டு அகதிகளுக்கு உதவினார். பிராங்கோவின் ஆட்சியில் வாழ அவர் திரும்பவேயில்லை. 1973-இல் போர்ட்டோ ரிக்கோவில் மறைந்தார். 1979-இல்தான் அவர் உடல் பிறந்த ஊரான எல் வெண்ட்ரெலுக்குக் கொண்டுவரப்பட்டது.

இவ்வரலாறு தட்டில் ஒலிக்கிறதா? ஐந்தாம் தொகுப்பின் சரபாந்தைக் கேட்பவர் பலர் ஆம் என்பர். ஒரே நேரத்தில் இரு கம்பிகள் ஒலிக்கும் இடம் அதில் ஒன்றுகூட இல்லை. ஒற்றை இழையாக, தயங்கித் தயங்கிச் செல்வது. கசால்ஸ் வில்லில் அது துயரமாகவே ஒலிக்கிறது. ஆனால் நான் இங்கே சற்று நிதானிக்க விரும்புகிறேன். அதே மாதத்தில் பதிவான நான்காம் தொகுப்பின் பூரே நடனம் துள்ளி ஓடுகிறதே! நாடு வீழ்ந்த துயரம் இதற்கு மட்டும் எங்கே போயிற்று? சரபாந்தின் துயரம் பாக் எழுதியதிலேயே இருக்கிறது. கசால்ஸ் செய்தது, இரண்டையும் அதனதன் இயல்பில் முழுமையாக வாசித்தது. நாடிழந்த ஆண்டில் ஒருவர் அந்தத் துள்ளலையும் குறைவின்றிக் கொடுத்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கசால்ஸ் முறையை மறுப்பவரும் உளர். அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு. பாக் தம் கையால் எழுதிய மூலப்படி கிடைக்கவில்லை. அவர் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த கைப்படி இருக்கிறது. எத்தனை சுரங்களை ஒரே வில்லில் இழுப்பது என்பதற்கான கோடுகள் அதில் பல இடங்களில் தெளிவாக இல்லை. ஆதலின் வாசிப்பவர் ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. டச்சுக் கலைஞர் ஆனர் பைல்ஸ்மா 1979-இல் பழங்காலச் செல்லோவில், நரம்புக் கம்பி பூட்டி வாசித்த பதிவைக் கேட்டால், கசால்ஸ் எவ்வளவு அழுத்தி, நீட்டி வாசிக்கிறார் என்பது உடனே விளங்கும். பைல்ஸ்மாவின் இசை பேசுகிறது, ஆடுகிறது. நடனப் பகுதிகளுக்கு என் தேர்வு அவரே. பியர் பூர்னியே 1960-இல் வாசித்தது நடுநிலையான, தெளிந்த வாசிப்பு. யோ-யோ மா 1983, 1998, 2018 என மூன்று முறை இத்தொகுப்புகளை வெளியிட்டிருக்கிறார். ஒருவரே மும்முறை திரும்பி வருவது இந்த இசை முடிந்துவிடாததைக் காட்டுகிறது.

கேட்கத் தொடங்கும் நண்பர்களுக்கு ஒன்று கூறுவேன். கசால்ஸ் பதிவுகளுக்குப் பல மறுபதிப்புகள் உள்ளன. இரைச்சலை முற்றிலும் துடைத்தெடுத்தவற்றில் செல்லோவின் மேல் ஒலியும் உடன் தேய்ந்து, போர்வைக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். சிறிது கரகரப்பு எஞ்சிய பதிப்பையே தேடிக்கொள்க. முதல் தொகுப்பின் முன்னிசையைப் பூர்னியேவிடம் கேட்டு இசையை மனத்தில் பதித்துக்கொண்ட பின் கசால்ஸிடம் செல்வது எளிது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கீழ்ச்சுரங்கள் காணாமற்போகும். காதில் பொருத்தும் கருவி இருப்பின் நலம். நான் விடுதியில் விளக்கணைத்த பிறகே கேட்பது வழக்கம். முதல் அரை நிமிடம் இரைச்சல்தான் கேட்கும்; அதன்பின் அது கேட்பதில்லை.