முதலில் மருந்துக் கணக்கு, பிறகு நாடு

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி என மூன்று நாடுகளையும் அருகருகே வைத்து, சம்பளம் எவ்வளவு, குளிர் எப்படி, பி.ஆர். என்னும் நிரந்தர வசிப்புரிமை கிடைக்க எத்தனை வருடம் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். உனக்கிருக்கும் ஹீமோபிலியாவைப் பற்றி மட்டும் கடைசியில் ஒரே வரி, அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசி வரிதான் உன் கணக்கின் முதல் வரியாக இருக்க வேண்டும். நாட்டை முடிவு செய்துவிட்டு மருந்துக்கு வழி தேடுவது உனக்கு ஆகாது. மருந்துக்கு எங்கே வழி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அந்த நாட்டுக்கு வழி தேடு. உன்னைப் போகவேண்டாம் என்று தடுப்பதற்காக இதை எழுதவில்லை. போனால் நிலைத்து நிற்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் உன் மருந்தின் கணக்கைப் பார். கடுமையான ஹீமோபிலியா ஏ இருப்பவர் உடலில், ரத்தம் உறையத் தேவையான எட்டாவது ஃபேக்டர் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஊசியில் ஏற்றும் வழக்கமான ஃபேக்டரும் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் மூட்டில் கசிவு வருவதற்கு முன்பே வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எடை 70 கிலோ என்று வை. மேலைநாடுகளில் கொடுக்கும் அளவு கிலோவுக்கு 25 யூனிட், வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 2,73,000 யூனிட் ஆகிறது. ஒரு யூனிட் அரை டாலர்தான் என்று குறைத்துப் போட்டாலும் 1,36,500 டாலர். நம் நாட்டில் பல இடங்களில் பின்பற்றும் குறைந்த அளவு முறையில், கிலோவுக்கு 10 யூனிட் வாரம் இரண்டு முறை என்றால், அதே எடைக்கு ஆண்டுக்கு 72,800 யூனிட்தான் வரும். உடம்பும் நோயும் மாறவில்லை; சிகிச்சையின் தரம் உயர்ந்ததும் செலவு நான்கு மடங்கு நெருங்கிவிட்டது. எந்த நல்ல சிகிச்சையை நினைத்து அந்த நாட்டுக்குப் போக ஆசைப்படுகிறாயோ, அதன் விலையைத்தான் அவர்கள் வாசலில் வைத்து உன் பேரில் எழுதுவார்கள்.

கனடாவில் இது சட்டமாகவே இருக்கிறது. அங்கே குடியேற்றச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, பொது மருத்துவத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமை ஏற்றுவார் என்று கருதப்படுபவரைத் தடுக்கிறது. அந்த அளவு 2025-இல் ஆண்டுக்கு 27,162 கனடா டாலர். மேலே போட்ட கணக்கு அதைப்போலக் குறைந்தது ஐந்து மடங்கு. ‘நானே காசு கொடுத்து மருந்து வாங்கிக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பாய். கடையில் வாங்கும் மாத்திரைக்குத் தனியார் காப்பீடு இருப்பவர்கள் அப்படி வாதாடி வென்றதுண்டு. ஆனால் ஹீமோபிலியா மருந்தைக் கனடாவின் ரத்தச் சேவை அமைப்பு பொதுப் பணத்தில் வாங்கி, நோயாளிக்கு இலவசமாகத் தருகிறது. எல்லாருக்கும் இலவசம் என்பதால்தான் உன் செலவு முழுக்க அரசின் செலவாகக் கணக்கில் ஏறுகிறது. உள்ளே இருப்பவருக்குத் தாராளமாகக் கொடுக்கும் நாடு வாசலில் இறுக்கிப் பிடிக்கும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதே வழியில்தான் போகின்றன. பல ஆண்டுச் செலவைச் சேர்த்துப் பார்த்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் 86,000 டாலரையும், நியூசிலாந்து 2022 முதல் தன் நாட்டு டாலரில் 81,000-ஐயும் எல்லையாக வைத்திருக்கின்றன. உன் ஓராண்டு மருந்தே அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஒரு விஷயத்தைக் கவனி. புள்ளி கணக்கில் கிடைக்கும் 189, 190 விசாக்களில் இந்த எல்லையைத் தாண்டினால் விலக்கு கிடையாது. வேலை கொடுப்பவர் முன்மொழியும் 482 விசாவில் விலக்கு கேட்க இடமிருக்கிறது. ஒரே நாட்டில் ஒரு கதவு அடைபட்டும் இன்னொரு கதவு தட்டிப் பார்க்கக் கூடியதாகவும் இருக்கிறது. நாட்டின் பெயரை மட்டும் கேட்டு முடிவெடுப்பவனுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

இனி வேறு விதமான நாடுகளைப் பார். ஜெர்மனியில் சம்பள வேலைக்குச் சேருபவனைச் சட்டப்படியான பொதுக் காப்பீடு, பழைய நோய் இருக்கிறது என்று சொல்லித் தள்ள முடியாது. வேலையில் சேர்ந்த நாள் முதல் அது செல்லும். மருந்துக்கு ஒரு பெட்டிக்கு அதிகபட்சம் 10 யூரோ நீ கொடுக்க வேண்டும். நாட்பட்ட நோயாளி என்று பதிந்துகொண்டால், ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இப்படிக் கட்ட வேண்டியதில்லை. முப்பது வயதுக்குள் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. ஆனால் மொழிப் படிப்புக்கோ, வேலை தேடும் அட்டையிலோ போனால் தனியார் காப்பீடுதான், அது பொதுவாகப் பழைய நோயைச் சேர்த்துக்கொள்ளாது. பிரிட்டன் செலவை வைத்து வாசலில் யாரையும் நிறுத்துவதில்லை. வேலைக்குப் போகிறவர் ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர் 776 பவுண்டு என்று மருத்துவக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டால் அரசு மருத்துவம் திறந்துவிடும். அமெரிக்காவில் 2014 முதல் காப்பீட்டு நிறுவனம் பழைய நோயைக் காட்டி மறுக்க முடியாது. ஆனால் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது; எச்-1பி விசாவில் வேலை போனால் அறுபது நாள்தான் அவகாசம். நிரந்தரக் குடியேற்றம் கேட்பவர்களின் நாட்பட்ட நோய்ச் செலவையும் எடைபோடும்படி 2025 நவம்பரில் அந்நாட்டு விசா அதிகாரிகளுக்கு அறிவுறுத்தலும் போயிருக்கிறது. எந்த நாட்டைப் பற்றியும் இரண்டே கேள்வி கேள். வாசலில் என் செலவை எண்ணுவார்களா? உள்ளே போனபின் எந்தத் தேதியிலிருந்து, யார் காசில் எனக்கு ஊசி கிடைக்கும்?

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் கன்சல்டன்சி நடத்துகிறவர்கள் உனக்கு வேறு யோசனை சொல்லக்கூடும். விசாவுக்கான மெடிக்கலில் எக்ஸ்ரேயும் சில ரத்தப் பரிசோதனைகளும்தான் எடுப்பார்கள், ஹீமோபிலியா அதில் தெரியாது, நீயாக ஏன் சொல்கிறாய் என்பார்கள். பரிசோதனையில் தப்பலாம் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நோயை மறைத்தால் மருந்தையும் மறைக்க வேண்டும். மறைத்து வைத்து ஆறு மாதம் இருக்கக்கூடிய நோயா இது? முழங்காலில் கசிவு வந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆகவேண்டும். போனால், சிறு வயதிலிருந்து இருக்கும் நோய் என்று முதல் பக்கத்திலேயே எழுதுவார்கள். பொய் சொன்னதாகக் கண்டால் கனடா ஐந்து ஆண்டு உள்ளே விடாது. ஆஸ்திரேலியாவில் மூன்று ஆண்டு. காப்பீட்டுக்காரர் உண்மையை மறைத்தாய் என்று கையை விரிப்பார். அன்றைக்கு யோசனை சொன்னவரின் கட்டணம் அவர் பையில் இருக்கும். உன் செலவுக்காக அடமானத்தில் கிடப்பது உங்கள் மேட்டுக்காடாக இருக்கும்.

முதலில் படிக்கப் போகலாம், பி.ஆர். கதையைப் பிறகு பார்க்கலாம் என்றும் நீ எழுதியிருக்கிறாய். எல்லோரும் போகிற வழிதான். ஆனால் உன் விஷயத்தில் அது சிக்கலைத் தள்ளிப்போடுகிறதே தவிரத் தீர்ப்பதில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் வெளிநாட்டு மாணவர்களுக்கு மாகாண மருத்துவத் திட்டம் கிடையாது. கல்லூரி வழியாக வரும் காப்பீடுதான். படிப்பு முடித்து, இரண்டு வருடம் வேலையும் பார்த்து, கடன் பாதி அடைந்த நேரத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போதுதான் அந்த 38-ஆம் பிரிவு முழுப் பலத்தோடு உன் முன்னால் வந்து நிற்கும். இருபத்திரண்டு வயதில் மறுத்தால் வேறு வழி பார்க்கலாம். இருபத்தேழு வயதில், வேர் விட்ட பிறகு மறுத்தால் வலி அதிகம்.

ஒரு மனிதனை அவன் மருந்து விலையை வைத்து மதிப்பது அநியாயம் அல்லவா என்றும் நீ கேட்கலாம். அநியாயம்தான். நீ கட்டப்போகும் வரியையும், செய்யப்போகும் வேலையையும் கணக்கில் எடுக்காமல் செலவை மட்டும் எடுக்கும் தராசு சரியான தராசு அல்ல. ஆனால் அந்தச் சட்டங்கள் எப்படி இளகின என்று பார். 2005-இல் கனடா உச்ச நீதிமன்றம், ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஊனமுற்ற பிள்ளைகளின் பெற்றோர் வெளிப்படையாக வழக்காடியதால் வந்த தீர்ப்பு அது. 2018-இல் எல்லைத் தொகையை மும்மடங்காக உயர்த்தினார்கள். அதுவும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பெயர் சொல்லிப் பேசியதால். 2023-இல் பெர்த்தில் வாழ்ந்த கேரளக் குடும்பம் ஒன்று, டவுன் சிண்ட்ரோம் உள்ள மகனுக்காகப் போராடி அமைச்சரின் தலையீட்டால் தங்கும் உரிமை பெற்றது. மறைத்துப் போனவர்களால் ஒரு சட்டமும் மாறவில்லை.

அப்படியானால் இங்கேயே இருந்துவிடு என்கிறாரா பெரியப்பா என்று நினைக்காதே. ஆனால் எதை விட்டுப் போகிறாய் என்பதும் கணக்கில் வர வேண்டும். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் உனக்குக் காசில்லாமல் கிடைக்கும் ஃபேக்டர், பல பணக்கார நாடுகளில் புதிதாகப் போனவனுக்கு முதல் நாளில் கிடைக்காது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணுச் சிகிச்சை செய்து, அதற்குப் பின் அவர்களுக்குக் கசிவே வரவில்லை என்று 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். இது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. ஆனாலும் உன் நோய்க்கான நல்ல மருத்துவம் கடல் தாண்டித்தான் இருக்கிறது என்று எண்ண வேண்டியதில்லை. இங்கே உன் துறையில் சம்பளமும் வாய்ப்பும் குறைவு என்பது உண்மை. அதற்காகப் போ. மருத்துவத்தை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மட்டும் போகாதே.

ஆகவே இப்போது செய்யவேண்டியது இவ்வளவுதான். யாருக்கும் முன்பணம் கட்டாதே. உன் மருத்துவரிடம் நோயின் தீவிரம், மருந்தின் அளவு, ஃபேக்டரை எதிர்க்கும் இன்ஹிபிட்டர் உண்டா இல்லையா என்பதையெல்லாம் எழுதி வாங்கு. அதைக் காட்டி, உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் அந்த இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் கேள். போக முடிவானால் அங்குள்ள ஹீமோபிலியா மையத்துக்கு முன்பே எழுதி, முதல் மாத ஊசிக்கு ஏற்பாடு செய்துகொண்டு, மருந்தைக் குளிர்ப்பெட்டியில் கைப்பையோடு எடுத்துப் போ, லக்கேஜில் போடாதே. நீ கொடுத்த விவரங்களை வைத்து என் எண்ணத்தைக் கேட்டால், படிக்கவோ வேலைக்கோ ஜெர்மனிக்குப் போக இப்போதே ஜெர்மன் மொழி படிக்கத் தொடங்கு என்பேன். அதையும் இங்கேயே படித்து முடித்துவிட்டுப் போ. உன் அப்பாவும் அம்மாவும் காட்டை அடமானம் வைப்பதென்றால், அந்தப் பணம் உன்னை வாசல்வரை கொண்டுபோய் விட்டால் மட்டும் போதாது. உள்ளே போய், ஆரோக்கியமாக வேலை பார்த்து, தலைநிமிர்ந்து வாழ வைக்க வேண்டும். அதற்கு நோயை முதல் வரியில் எழுதும் துணிச்சல் உனக்கு வேண்டும். அது உன்னிடம் உண்டு என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் பெரியப்பா
ராசிபுரம்