ராத்திரி எங்கே நிறுத்துவாய்?

நாமக்கல்

அன்பு மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

வர்ற வெள்ளிக்கிழமை மும்பைக்கு முதல் நடை என்று அக்கா போனில் சொன்னாள். சந்தோஷம். ஓட்டுவதைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கிளீனராக இருந்த 3 வருஷத்தில் கை பழகிவிட்டது. நிறுத்துவதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி மாமா" என்று வைத்துவிடுவாய்.

1996-ல் நடந்தது இது. இப்போதைய 44-ம் நெம்பர் ரோடு அப்போது 7. தர்மபுரி தாண்டித் தொப்பூர் வரும்போது கண் சொக்கியது, முந்தின ராத்திரியும் தூக்கமில்லை. இரண்டு ஓட்டல்களில் இடம் பார்த்தேன், வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. கடைசியில் ஒரு புளியமரத்தடியில், பாதி சக்கரம் தாரிலும் பாதி மண்ணிலுமாக ஓரங்கட்டினேன். பேட்டரி இறங்கிவிடும் என்று பார்க்கிங் லைட்டையும் அணைத்துவிட்டுப் படுத்தேன். விடியக்காலம் பின்னால் தகரம் நசுங்கும் சத்தம். டிவிஎஸ் 50-ல் சந்தைக்குக் கீரை கொண்டுபோனவர். இறங்கி ஓடிப் பார்த்தால், பின்கதவுச் சங்கிலியில் ஒரு முளைக்கீரைக் கட்டு சிக்கி, வேரில் ஈரமண்ணோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தொடை எலும்பு உடைந்து கீழே கிடந்தார். பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது திட்டவில்லை. "ஒரு லைட் எரிஞ்சிருந்தா திரும்பியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் 20 வருஷம் ஓட்டினேன். பின்லைட் எரிகிறதா என்று பார்க்காமல் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை.

தூக்கம் வந்தபிறகு இடம் தேடாதே, மாப்பிள்ளை. சாவி போடும்போதே ராத்திரிக்கு எந்த ஊர் என்று முடிவு பண்ணிவிடு. அந்த இடம் நிரம்பியிருந்தால் அடுத்தது எது என்பதும் மனசில் இருக்க வேண்டும். ஏழு மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தால் ஓட்டல் களத்தில் நல்ல இடம் போயிருக்கும். பத்து மணிக்குச் சந்துகூட இருக்காது. இன்னும் 50 கிலோமீட்டர் போகலாமே என்று தோன்றும் நேரத்திலேயே நிறுத்து. முதலாளிக்கு அது பிடிக்காது.

ரோடு நாலு வழி, ஆறு வழி ஆகிவிட்டது. ஆனால் அதில் ஓடுகிற ஆள் படுக்க இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு. லாரி நிறுத்த விட்டிருக்கும் ஒதுக்கிடம் சிறிசு. டோல்கேட்டுக்குப் பக்கத்தில் நின்றால் நகரச் சொல்வார்கள். பெரிய ஊர்களுக்குள் பகலில் லாரியை விடமாட்டார்கள், அதனால் ஊர் எல்லையில் வரிசையாக நிற்போம். அங்கேயும் லத்தியால் கதவைத் தட்டி "எடு, எடு" என்பார்கள். சரக்கு இறக்கும் கம்பெனிகள் பண்ணுவதுதான் எனக்கு ஆறாத கோபம். உள்ளே பத்து ஏக்கர் காலியாகக் கிடக்கும். ராத்திரி பதினொரு மணிக்குப் போய் நின்றால், காலை ஒன்பதுக்குத்தான் கேட் திறக்கும் என்று வாட்ச்மேன் சொல்வார். அவர்களுடைய சரக்கைக் காவல் காத்துக்கொண்டு நாம் நடுரோட்டில் படுக்க வேண்டும், கக்கூஸ்கூட இருக்காது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது, நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றது. எட்டு மணி நேரம் ஓட்டியவன் மீதி நேரம் எங்கே கிடப்பான் என்பதற்கு ரோட்டில் இன்னும் பதில் இல்லை. இது உன் தப்பு இல்லை என்பதை மனசில் வைத்துக்கொள். திட்டு வாங்கும்போது அது தேவைப்படும்.

நின்ற இடத்திலும் பயம் உண்டு. மகாராஷ்டிராவில் ஒரு தடவை அசந்து தூங்கிவிட்டேன். காலையில் டேங்க் மூடி புல்லில் கிடந்தது, டீசல் பூராவும் போயிருந்தது. அந்தப் பணத்தை என் படியில் பிடித்தார்கள். அதனால் இதைக் கேள்: பங்க்கில் நிறுத்தப் போகிறாய் என்றால், காலையில் டீசல் போடுகிறேன் என்று அங்கே இருக்கிறவரிடம் சொல்லிவிட்டு நிறுத்து. நிறைந்த டேங்க்கோடு தூங்காதே. டேங்க் இருக்கும் பக்கத்தை அடுத்த வண்டிக்கு ஒட்டினாற்போல வை, பின்கதவைச் சுவர்ப்பக்கம் திருப்பு. டிஎன் 28, 34, 52 என்று நம்ம பக்கத்து நெம்பர் நாலு வண்டி நிற்கிற களம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம். ஒருத்தர் இல்லாவிட்டால் ஒருத்தர் விழித்திருப்பார்கள். வெக்கைக்குப் பயந்து வண்டிக்கு அடியில் மட்டும் படுக்காதே. பார்க்கிங்குக்குக் காசு கேட்டால் கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொள். முதலாளியிடம் நான் பேசுகிறேன்.

சரக்குக்கான இ-வே பில் கெடு முடியப்போகிறது, ராத்திரியே ஓட்டு என்று ஆபீசிலிருந்து போன் வரும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. முடிவதற்கு 8 மணி நேரம் முன்பும், முடிந்து 8 மணி நேரம் வரையும் அதை நீட்டிக்கலாம். அவர்கள் உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை அது. அதற்காக நீ தூக்கத்தை விடவேண்டியதில்லை.

வண்டி படுத்துவிட்டது, நகரவே முடியாது என்றால் நெடுஞ்சாலை உதவி நெம்பர் 1033-க்கு அடி. எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் நல்ல தூரம் தள்ளி வை. சக்கரத்துக்கு வைத்த கல்லைக் கிளம்பும்போது ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கல்லில் யாரோ விழுகிறார்கள். எடுத்து ஓரம் போட்டுவிட்டு ஏறு.

தினமும் வண்டியை நிறுத்தினதும் எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணி ஆனாலும் எடுப்பேன். எந்த ஊர், பக்கத்தில் யார் வண்டி, பின்லைட் எரிகிறதா என்று சொல்லிவிட்டுப் படு.

இப்படிக்கு,
உன் மாமா