மலாக்காவின் துணிக்கடைகள்

அயல்நாட்டுக்குச் செல்பவரின் கண்ணில் முதலில் படுவது அந்நாட்டு மக்களின் உடையே. மொழி விளங்கச் சில நாளாகும். உணவு நாவுக்குப் பழகவும் சில வேளையாகும். உடையோ விமான நிலையத்தின் வாயிலிலேயே கண்ணைக் கவர்ந்துவிடும். பழகாத உடையைக் கண்டு நகைப்பவரும் உளர்; விலையை மட்டும் கேட்டு நகர்பவரும் உளர். அது எவ்வாறு செய்யப்பட்டது, யாருடைய கைத்திறன், எவ்வழியாக அங்கு வந்து சேர்ந்தது என்று வினவுபவர் சிலரே.

விருத்தாசலத்து மக்களுக்கு இவ்வினாக்கள் இயல்பாகவே எழக்கூடும். திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் பூண்ட அவ்வூர் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள பட்டறைகளில் களிமண் குழம்பை அச்சில் ஊற்றுகின்றனர். அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் படிந்து பொம்மையின் வடிவம் உருவாகிறது. பிறகு அதனைப் பிரித்தெடுத்து, உலர்த்தி, சூளையில் இட்டுச் சுடுகின்றனர். அச்சு ஒன்றேயாயினும், கையால் வண்ணம் தீட்டிய பொம்மைகளுள் இரண்டு முற்றும் ஒன்றுபோல் இரா. இதனைச் சிறு வயது முதல் கண்டு வளர்ந்தவர்க்குக் கைவேலையையும் பொறிவேலையையும் பிரித்தறிதல் அரிதன்று.

அவ்வூருக்கும் கீழ்த்திசைக் கடலுக்கும் தொடர்பு புதியதன்று. விருத்தாசலத்தைத் தழுவி ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையை அடுத்துக் கடலை அடைகிறது. அத்துறைமுகத்திலிருந்தும் நாகப்பட்டினம், பழவேற்காடு ஆகிய துறைகளிலிருந்தும் தமிழ்நாட்டு நெசவாளர் நெய்த துணிகள் கப்பலேறிக் கிழக்கே சென்றன. அவை சென்று சேர்ந்த பெருஞ்சந்தைகளுள் ஒன்று மலாக்கா. 1511-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் அந்நகரைக் கைப்பற்றுவதற்கு முன்னரே, தமிழ் வணிகர் அங்குச் செல்வாக்குடன் வாழ்ந்தனர்.

இன்று விருத்தாசலத்துக் குடும்பம் ஒன்று விடுமுறைக்கு மலாக்கா செல்வதாகக் கொள்க. சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து தரைவழியே சுமார் 150 கிலோமீட்டர். 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அப்பழைய நகரத்தின் தெருக்களில் நடக்கும்பொழுது, கடைப்பலகைகளில் ‘கெடாய்’ என்னும் மலாய்ச் சொல்லைக் காணலாம். அது தமிழின் ‘கடை’ என்பதே. கப்பலை மலாய் மக்கள் ‘காப்பல்’ என்பர். பெட்டியைப் ‘பெத்தி’ என்பர். சரக்கோடு சொற்களும் இறங்கியிருக்கின்றன!

துணிக்கடையினுள் இன்னும் ஒரு வியப்பு உண்டு. கட்டம் போட்ட கைலிகள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆடவர் வீட்டிலும், தொழுகைக்குச் செல்லும்பொழுதும் உடுத்தும் அவ்வாடைக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். ‘காயின்’ என்பது துணி. ‘பெலிக்காட்’ என்பது பழவேற்காட்டைக் குறிக்கும் ‘புலிக்காட்’ என்பதன் மலாய் வடிவம். அயல்நாட்டுப் பொருள் என்று விரும்பி வாங்கப்படும் ஆடை, தன் பெயரிலேயே பிறந்த ஊரைச் சுமந்து நிற்கிறது.

பெண்டிர் உடையுள் சிறப்பு வாய்ந்தது சாரோங்கும் கெபாயாவும் ஆகும். சாரோங் என்பது இடுப்பில் உடுத்தும் துணி. அதன் ஒரு பகுதியில் மட்டும் வேறுபட்ட கோலம் அமைந்திருக்கும். அப்பகுதியைத் ‘தலை’ எனப் பொருள்படும் ‘கெப்பாலா’ என்றும், எஞ்சியதை ‘உடல்’ எனப் பொருள்படும் ‘படான்’ என்றும் கூறுவர். நம் சேலையின் முந்தானையும் உடலும் போன்றதே இப்பாகுபாடு. கெபாயா என்பது முன்புறம் திறந்த மெல்லிய மேலாடை. அதற்குப் பொத்தான் இல்லை. சங்கிலியால் இணைந்த மூன்று அணியூசிகளைக் கோத்து அதனை மூடுவர். மலாக்காவில் வாழும் சீன மரபினரான நியோன்யா மகளிரின் கெபாயா ஓரங்களில் பூவும் பறவையும் நுண்ணிய தையலாக விளங்கும். அம்மகளிர் திருமணம் முதலிய விழாக்களில் பயன்படுத்திய பீங்கான் கலங்களிலும் இளஞ்சிவப்பும் பச்சையுமாக அத்தகைய பூவும் பறவையும் தீட்டப்பட்டுள்ளன. அக்கலங்கள் சீனாவின் சிங்தேசென் நகரத்துச் சூளைகளில் சுடப்பட்டவை. பீங்கான் ஊரிலிருந்து வந்தவர் அவற்றின் முன் சற்று நேரம் நின்றுவிடுவது இயற்கையே. கெபாயாவை 2024-இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் இணைந்து யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெறச் செய்தன.

வாங்குவோர் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் பாத்திக் துணிக்கடையாகும். கையால் வரையும் பாத்திக்கில், உருகிய மெழுகைச் சிறு செப்புக் குப்பியில் மொண்டு, அதன் மெல்லிய மூக்கின் வழியே துணிமேல் கோடுகளாக எழுதுவர். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. கோடுகளின் இடையே தூரிகையால் வண்ணம் நிரப்பி, பின்னர்க் கொதிநீரில் மெழுகைக் கரைத்து நீக்குவர். உலோக அச்சினை மெழுகில் தோய்த்துப் பதிப்பது வேறொரு முறை, அதுவும் கைவேலையே. இவ்விரண்டையும் பார்த்துப் பொறியால் அச்சிட்ட துணி மூன்றாவது. மெழுகு வெடித்ததனால் உண்டாகும் மயிரிழைக் கோடுகளைக்கூட அப்பொறி அச்சிட்டுவிடும். ஆதலால், துணியைத் திருப்பிப் பார்த்தல் நன்று. மெழுகு வேலையில் சாயம் ஊறுவதால் இருபுறமும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கும். பொறியச்சில் பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும்.

பொறியச்சுத் துணி இழிந்ததன்று. மலிவான உடை வேண்டுவோர்க்கு அது உதவுகிறது. அதனைக் கைவேலை என்று கூறி விற்பதே குற்றம்; அவ்வாறு விற்கப்படும் ஒவ்வொரு துணியும், பல நாள் குனிந்து கோடெழுதியவரின் கூலியைக் குறைக்கிறது. ஒட்டுப்படம் பதித்த கோப்பை, கையால் தீட்டிய கோப்பையின் அருகில் அதே பெயரில் விலைபோனால் தீட்டியவர் கதி என்னவாகும் என்பதை விருத்தாசலத்தார்க்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. வாரக்கடைசியில் கூடும் இரவுச் சந்தையில் பேரம் பேசலாம். இரண்டு வெள்ளி குறைந்தால் மகிழ்ச்சிதான். (மலேசியத் தமிழர் ரிங்கிட் நாணயத்தை வெள்ளி என்றே வழங்குவர்.) கைவேலைக்குப் பேரம் பேசும்பொழுது மட்டும், குறைப்பது யாருடைய பங்கை என்று எண்ணிக்கொள்ளுதல் தகும்.

கடைத்தெருவைக் கடந்து காஜா பெராங் என்னும் பகுதிக்குச் சென்றால் மலாக்கா செட்டிகளின் சிற்றூரை அடையலாம். மலாக்கா சுல்தான்களின் காலத்தில் வந்து, அங்குள்ள பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுக்கு உரியது. வீட்டில் பேசுவது மலாய் மொழி. வழிபடுவது விநாயகரையும் மாரியம்மனையும். பொங்கலுக்கு முன்னாள், முன்னோர்க்கு இலையில் உணவு படைத்து வணங்குவர். மரபுடை அணியும் நாளில் அவ்வில்லத்துப் பெண்டிர் உடுத்துவது சேலையன்று, சாரோங்கும் கெபாயாவுமே. விருத்தாசலத்துச் சிறுமி ஒருத்தி அவர்களிடம் தமிழில் பேசினால், விடை மலாய் மொழியில் வரக்கூடும். பெயரைக் கேட்டாலோ, பிள்ளை என்றும் படையாட்சி என்றும் முடியும் பெயர்கள் வரும். அவை அவள் தன் ஊரில் நாள்தோறும் கேட்பவை.