தெருப் பெயர் மாறினால் 108-க்கு எப்படி வழி சொல்வது?

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் சாதிப் பெயர் கொண்ட தெருக்களின் பெயரை மாற்றவும் அரசாணை வந்தது. மாற வேண்டிய பெயர்கள்தான். ஆனால் பலகை மாறிய அன்றே எல்லோர் நினைவிலும் மாறிவிடாது. 108 ஆம்புலன்ஸ் எண்ணில் நம் அழைப்பை எடுப்பவர் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்; நம் ஊரை அறியாதவராக இருக்கலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஊருக்கு ஊர் மேலத்தெரு உண்டு. ஆகவே தெருவிலிருந்து தொடங்காதீர்கள். வட்டம், ஊர், எந்த மெயின் ரோட்டில் எந்த இடத்தில் பிரிய வேண்டும் (கண்மாய்க் கரை, ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி), அதன்பின் புதுத் தெருப்பெயர், கடைசியில் கதவு எண். கதவு எண்ணும் மாறியிருந்தால், புது எண்ணுக்குக் கீழே பழைய எண்ணையும் சுவரில் எழுதி வைப்பது நல்லது.

பழைய பெயரைச் சொன்னால் சாதி ஒட்டிக்கொண்டே இருக்காதா என்று கேட்கலாம். அதனால்தான் பழைய பெயருக்குப் பதில் அடையாளத்தைச் சொல்லச் சொல்கிறோம். போன் லொகேஷன் போதாதா? திருப்பூரிலிருந்து மகன் அழைத்தால் அது காட்டுவது திருப்பூரை. பெரும்பாலான பட்டன் போன்களிலிருந்து லொகேஷன் அனுப்பவும் முடியாது. அஞ்சல்துறை 2025 மே மாதம் கொண்டுவந்த எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இலக்கக் குறியீடான டிஜிபின், நான்கு மீட்டர் சதுரம்வரை இடத்தைக் குறிக்கும். குறித்து வைக்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம். சீமைக்கருவேலம் மூடிய வண்டிப்பாதை என்றால், ராத்திரி நேரம் டார்ச்சோடு ரோட்டில் ஒரு ஆள் நிற்க வேண்டும்.