சாக்கடையிலும் நமக்காக உழைக்கும் உயிர்கள்



போன மாதம் அல்லிநகரத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். "தினமும் பினாயிலும் ஆசிட்டும் ஊத்துறேன், அப்படியும் கக்கூஸ்ல நாத்தம் போகலையே" என்றார் ஒரு அக்கா. "பாக்டீரியா பவுடர்னு ஒருத்தர் விக்கிறாரு, பொது நிதியில மொத்தமா வாங்கிடலாமா?" என்று ஊக்குநர் கேட்டார். தீர்மான நோட்டையும் எடுத்துவிட்டார்கள். "கொஞ்சம் பொறுங்க, விஷயத்தைத் தெரிஞ்சுக்கிட்டு எழுதலாம்" என்றோம். அதுதான் இந்த மாதப் பாடம்.

நொதி என்றால் என்ன?

வெறும் சோற்றை நன்றாக மென்று பாருங்கள், லேசாக இனிக்கும். எச்சிலில் உள்ள நொதி (என்சைம்) மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுகிறது. பாக்டீரியாவுக்கு வாயும் இல்லை, பல்லும் இல்லை. அது நொதியை வெளியே விட்டு, அழுக்கைச் சின்னச் சின்னதாக வெட்டி உறிஞ்சிக்கொள்ளும். கழிவு மக்குவது இப்படித்தான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

1. எந்த அழுக்கு எங்கே சேருகிறதோ, அதைத் தின்னும் பாக்டீரியாவும் அங்கேதான் இருக்கும். மாவுச்சத்தைத் தின்பது வேண்டுமென்றால் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர், கொழுப்பைத் தின்பது வேண்டுமென்றால் எண்ணெய் ஆலைச் சாக்கடை.

2. அந்த நீரை, கிருமி நீக்கிய தண்ணீரில் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று கலக்குவார்கள். நெருக்கம் குறைந்தால்தான் ஒவ்வொன்றும் தனியாக வளரும்.

3. கடல்பாசியில் செய்த அகர் கூழைத் தட்டில் ஊற்றி, அதில் மாவுச்சத்து சேர்த்து, இந்த நீரைத் தடவுவார்கள். ஒன்றிரண்டு நாளில் புள்ளி புள்ளியாகப் பாக்டீரியா கூட்டம் தெரியும்.

4. மேலே அயோடின் ஊற்றினால் மாவு இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். எந்தப் புள்ளியைச் சுற்றி வெளிறிய வட்டம் இருக்கிறதோ, அங்கே மாவு கரைந்துவிட்டது. அந்தப் பாக்டீரியா நொதி சுரக்கிறது என்று அர்த்தம். புரதத்தை வெட்டுவதைக் கண்டுபிடிக்க மாவுக்குப் பதில் பால் சேர்ப்பார்கள்.

5. நல்லதைத் தனியே வளர்த்து, நோய் உண்டாக்குமா என்றும் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஆகவே சாக்கடை நீரை எடுத்து வீட்டில் யாரும் சோதனை செய்ய வேண்டாம்.

பலன் உண்டா?

1914-லேயே இங்கிலாந்தின் மான்செஸ்டரில், சாக்கடை நீருக்குள் காற்றைச் செலுத்திப் பாக்டீரியாவைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் முறையைக் கண்டார்கள். இன்றும் நகரங்களில் அந்த முறை நடக்கிறது. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், தோலில் முடி நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் குறைய, நொதியைப் பயன்படுத்தும் முறைகளை உருவாக்கியது. 2016-ல் ஜப்பானின் சகாய் நகரில், பிளாஸ்டிக் பாட்டிலைத் தின்னும் பாக்டீரியாவைக் கண்டதாக அறிவித்தார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் இது தின்றுவிடாது. குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களையும் சாயக் கழிவின் உப்பையும் அழிக்க முடியாது. அவற்றை ஆற்றில் விடாமல் தடுப்பதுதான் வழி.

நம் வீட்டுக்கு வருவோம்

செப்டிக் டேங்குக்குத் தேவையான பாக்டீரியா மலத்திலேயே இருக்கிறது. பவுடருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. பினாயிலும் ஆசிட்டும் நிறைய ஊற்றினால் அவை செத்துப்போகும். நம் குழுக்களே பினாயில் தயாரித்து விற்கிறோம் என்பதால் இதைச் சொல்லத் தயக்கம்தான். ஆனாலும் உண்மை. தரை துடைக்க அளவாகப் பயன்படுத்துங்கள், டேங்குக்குள் ஊற்றச் சொல்லி விற்காதீர்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். டேங்க் நிறைந்தால் லாரியைக் கூப்பிடுங்கள். ஆளை உள்ளே இறக்குவது உயிருக்கு ஆபத்து, 2013 சட்டப்படி குற்றமும் கூட.

அந்த அக்கா வீட்டில் போய்ப் பார்த்தோம். காற்றுக் குழாயைக் குருவிக்கூடு அடைத்திருந்தது. எடுத்துவிட்டு வலை கட்டினார்கள். பொது நிதி அப்படியே இருக்கிறது.

கூட்டத்தில் பேச:
• நம் வீட்டு டேங்கில் என்னென்ன ஊற்றுகிறோம்?
• காற்றுக் குழாயைக் கடைசியாக எப்போது பார்த்தோம்?