முதலில் என்ன சொல்லப் போகிறாய்?

அன்புள்ள கயல்விழிக்கு,

பிளஸ் டூ முடித்ததும் திரைப்பட இயக்கம் படிக்கப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்தது. யாருடைய படங்களைப் பார்த்துப் பழக வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். பெரிய பட்டியல் எதுவும் தரப் போவதில்லை. ஒரே ஒருவரைச் சொல்கிறேன்: லோயிஸ் வெபர்.

அமெரிக்காவில் படங்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பே இயக்குநராகப் பெரும் புகழ் பெற்றவர் அவர். கதை எழுதினார், நடித்தார், இயக்கினார், சொந்தமாக ஸ்டுடியோவும் நடத்தினார். இவற்றையெல்லாம் விட அவரிடம் நீ கற்க வேண்டியது ஒரு பழக்கம். எதைச் சொல்ல வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொள்வார்; அதைச் சொல்லும் வழியைப் பிறகுதான் தேடுவார்.

வெபர் 1879-இல் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய அலெகெனியில் பிறந்தார். இளமையில் பியானோ வாசித்தார். பிறகு ஒரு கிறிஸ்தவத் தொண்டு அமைப்பில் சேர்ந்து, ஏழைகள் வாழும் தெருக்களின் முனையில் நின்று பாடினார், பிரசங்கம் செய்தார். அங்கிருந்து நாடக மேடைக்கு வந்து, 1904-இல் ஃபிலிப்ஸ் ஸ்மாலி என்ற நடிகரை மணந்தார். சில ஆண்டுகளில் இருவருமே சினிமாவுக்குள் நுழைந்தார்கள். தெருமுனையில் பேசிப் பழகியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: சேதி எவ்வளவு உயர்ந்ததானாலும், போகிறவர்களை நிற்க வைக்கத் தெரியாவிட்டால் அது யாருடைய காதிலும் விழாது. வெபரின் படங்கள் முழுவதிலும் இந்த அறிவைக் காணலாம்.

1913-இல் கணவருடன் சேர்ந்து அவர் இயக்கிய ‘சஸ்பென்ஸ்’ படத்தைப் பார். பத்து நிமிடம்தான். ஒதுக்குப்புறமான வீடு. தாயும் கைக்குழந்தையும் தனியாக இருக்கிறார்கள். ஒரு நாடோடி உள்ளே நுழையப் பார்க்கிறான். அவள் கணவனுக்குத் தொலைபேசியில் சொல்கிறாள். இந்த இடத்தில் வெபர் திரையை மூன்று முக்கோணங்களாகப் பிரிக்கிறார். பேசும் மனைவி, கேட்கும் கணவன், உள்ளே வரும் நாடோடி ஆகிய மூவரும் ஒரே நேரத்தில் நம் கண்முன் நிற்கிறார்கள். கணவன் வேறொருவரின் காரை எடுத்துக்கொண்டு பறக்கிறான். பின்னால் போலீஸ் துரத்தி வருவதைக் காரின் கண்ணாடியிலேயே காட்டுகிறார். அவன் வந்து சேர்வதற்குள் என்ன ஆகுமோ என்ற பதற்றத்தை நமக்குள் ஏற்றுவதற்காக வந்த உத்திகள் இவை. அந்தத் தேவையை எடுத்துவிட்டால் முக்கோணம் வெறும் வேடிக்கையாகிவிடும்.

அடுத்து 1916-இல் வந்த ‘ஷூஸ்’. ஈவா என்ற இளம்பெண் மலிவு விலைக் கடை ஒன்றில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்கிறாள். அவள் சம்பளத்தில்தான் குடும்பமே சாப்பிடுகிறது. அப்பா வேலைக்குப் போகாமல் கதைப் புத்தகம் படித்துக்கொண்டு படுத்திருக்கிறார். ஈவாவின் ஷூ அடிப்பாகம் தேய்ந்து ஓட்டையாகிவிடுகிறது. புதிது வாங்கப் பணம் மிஞ்சுவதே இல்லை. அட்டையைப் பாத அளவுக்கு வெட்டி உள்ளே வைத்துக்கொள்கிறாள். மழை வருகிறது, அட்டை ஊறிப்போகிறது. கடைசியில், பணம் உள்ள ஒருவனிடம் தன்னைக் கொடுத்துத்தான் அவள் ஒரு ஜோடி ஷூ பெறுகிறாள். அன்றைக்கென்று பார்த்து அப்பாவுக்கு வேலை கிடைத்துவிடுகிறது.

சமூகச் சீர்திருத்தவாதியான ஜேன் ஆடம்ஸ் தம் நூலில் எழுதிய ஒரு நிகழ்ச்சி இந்தக் கதைக்குத் தூண்டுதல். படத்தின் தொடக்கத்திலேயே அந்த நூலை வெபர் காட்டுகிறார். பிறகு ஒரு மணி நேரம் வறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்யாமல் ஈவாவின் பாதங்களைக் காட்டுகிறார்: கடை ஜன்னலில் இருக்கும் புது ஷூக்களுக்கு முன் தயங்கி நிற்கும் பாதங்கள், வேலை முடிந்து வந்து வெந்நீரில் வைத்த பாதங்கள். ஈவாவாக நடித்த மேரி மக்லாரனுக்கு அப்போது 16 வயது. அவர் முகத்தில் எங்கும் மிகை கிடையாது. பெரிய அநீதி ஒன்றைச் சொல்ல நினைத்தால், அது ஒரு மனிதரின் அன்றாடத்தில் எந்த இடத்தில் உறுத்துகிறது என்று தேட வேண்டும். வெபர் அதைக் காலடியில் கண்டுபிடித்தார்.

துணிச்சலும் அவருக்கு அதிகம். 1915-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சினிமா வெறும் வியாபாரம்தான், பத்திரிகைக்குரிய பேச்சுரிமை அதற்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. மாநிலங்களின் தணிக்கைக் குழுக்களுக்கு அது பெரிய பலம். அதே காலகட்டத்தில்தான் வெபர் மரண தண்டனை, கருத்தடை, மதத்தின் பெயரால் நடக்கும் போலித்தனம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். 1916-இன் ‘வேர் ஆர் மை சில்ட்ரன்?’ பென்சில்வேனியாவில் தடை செய்யப்பட்டது. மற்ற இடங்களில் கூட்டம் அலைமோதியது. அந்தப் படத்தைக் கவனமாகப் பார். கருத்தடைக்கு ஆதரவாகப் பேசும் அதே படம், எந்தக் குழந்தைகள் பிறக்கத் தகுந்தவை என்று தரம் பிரிக்கும் அக்காலத்து இனமேம்பாட்டு வாதத்தையும் சுமக்கிறது. உறுதியான நம்பிக்கை நல்ல படத்தைத் தரும். அந்த நம்பிக்கையையே கேள்வி கேட்கும் பொறுப்பும் இயக்குநருக்கு உண்டு. வெபரை மதிக்கிறவர்கள் இதையும் சேர்த்தே கற்க வேண்டும்.

1916-இல் அமெரிக்கத் திரைப்பட இயக்குநர்கள் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினரானார். மறு ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் சொந்த நிறுவனம் தொடங்கினார். அங்கே 1921-இல் எடுத்த ‘தி பிளாட்’ ஒரு கல்லூரிப் பேராசிரியரின் வீட்டைப் பற்றியது. கௌரவத்துக்குக் குறைவில்லை, சாப்பாட்டுக்குத்தான் வழியில்லை. பக்கத்து வீட்டில் ஷூ செய்து விற்றுப் பணம் சேர்த்த குடும்பம். நோயாளி மகளுக்காக அந்த வீட்டுக் கோழியை எடுத்துவிடத் துடிக்கிறாள் தாய். நைந்த கம்பளமும் கிழிந்த நாற்காலியும் அந்தக் குடும்பத்தின் நிலையை நமக்குச் சொல்லிவிடுகின்றன.

பிறகு காலம் மாறியது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ரசிகர்கள் கேளிக்கையையும் பகட்டையும் விரும்பினார்கள். அறம் பேசும் படங்கள் பழையவையாகத் தெரிந்தன. பெரிய நிறுவனங்கள் தயாரிப்பு, விநியோகம், அரங்கு மூன்றையும் தங்கள் கைக்குள் கொண்டுவந்தபோது சிறு ஸ்டுடியோக்கள் நசுங்கின. தொடக்க காலத்தில் நிறைந்திருந்த பெண் இயக்குநர்கள் ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டார்கள். வெபரின் திருமணமும் 1922-இல் முறிந்தது. 1934-இல் ஹவாயில் எடுத்த ‘ஒயிட் ஹீட்’ அவருடைய ஒரே பேசும் படம். கடைசிப் படமும் அதுதான். 1939 நவம்பரில் வறுமையில் இறந்தார். இறுதிச் சடங்குச் செலவை அவருடைய தோழியும் திரைக்கதை ஆசிரியருமான ஃபிரான்சிஸ் மாரியன் ஏற்றார். வெபரின் படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. எஞ்சியவற்றை ஆவணக் காப்பகங்கள் மீட்டுத் தந்ததால்தான் இன்று உனக்கு அவரைச் சொல்ல முடிகிறது.

திறமையிருந்தும் ஒருவர் மறக்கப்படலாம், கயல். அதற்காகச் சோர்ந்துவிடாதே. இப்போது நீ செய்ய வேண்டியது இரண்டு. ‘ஷூஸ்’ படத்தை முழுவதும் பார். பிறகு ஒலியே இல்லாத ஒரு குறும்படத்துக்குக் கதையை ஒரு பக்கத்துக்குள் எழுதி எனக்கு அனுப்பு. யாருக்கு என்ன குறை, அது எந்தப் பொருளில் கண்ணுக்குத் தெரிகிறது என்ற இரண்டும் அதில் தெளிவாக இருக்கட்டும். காட்சிகளை எப்படிப் பிரிப்பது என்று அடுத்த கடிதத்தில் பேசுவோம்.

அன்புடன்,
உன் சித்தி