பெற்ற தகப்பனுக்கு எதிராகச் சாட்சியா?

கேள்வி: கொலை வழக்கில் அப்பாவுக்கு எதிராக மகள் சாட்சி சொல்லலாமா? குடும்பமே இரண்டுபட்டுப் போகாதா?
- வாசகி, வேலந்தாவளம்

பதில்: சொல்லலாம். கணவன் மனைவி தமக்குள் பேசிக்கொண்டதை வெளியிடாமல் காக்க நம் சாட்சியச் சட்டத்தில் இடமுண்டு. தகப்பன் மகள் உறவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே 2016 மார்ச் 13 அன்று சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். தலையில் வெட்டுப்பட்டுப் பிழைத்த அவர் மனைவி கௌசல்யா, தன் பெற்றோருக்கு எதிராகவே கூண்டேறினார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் தந்தை உட்பட 6 பேருக்குத் தூக்கு விதித்தது, தாயை விடுவித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையையும் விடுதலை செய்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. மகள் சொல் மட்டும் போதாது, சதிக்குத் தனி ஆதாரம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

உங்கள் பாலக்காட்டிலேயே, தேங்குறிச்சியில் 2020 கிறிஸ்துமஸ் அன்று அனீஷ் கொல்லப்பட்டார். திருமணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2024 அக்டோபரில் மாமனாருக்கும் மனைவியின் மாமாவுக்கும் ஆயுள் தண்டனை. அது போதாது, தூக்கு வேண்டும் என்றவர் அனீஷின் மனைவியான அந்த மகள்தான்.

குடும்பத்தை உடைத்தது சாட்சியம் என்று ஊர் பேசும். நான் ஏற்க மாட்டேன். அரிவாள் தூக்கிய அன்றே அது உடைந்துவிட்டது.

மிரட்டல் இருந்தால், 2018-ஆம் ஆண்டு சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் மனு கொடுங்கள். அதற்கான மாவட்டக் குழுவுக்கு மாவட்ட நீதிபதியே தலைவர்.